காலியாகாத கட்டடம்

இரவில் சூளை எரியும்போது யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். எங்கள் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அந்த நேரத்துக்குத் துணை, செல்போனில் ஓடும் பேய்ப்படம். பையன்கள் அதிகம் பார்ப்பது ஒரே வகைதான்: பாழடைந்த மனநல மருத்துவமனை, இருட்டு வராந்தா, செத்துப்போன நோயாளியின் குரல்.

அவற்றில் ‘செஷன் 9’ எனக்குப் பிடிக்கும். அதில் வருகிறவர்கள் கல்நார் அகற்ற வந்த தொழிலாளிகள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மண் தூசியில் நிற்கிற எனக்கு அவர்கள் படும்பாடு புரிகிறது. இயக்குநர் பிராட் ஆண்டர்சன் அதை அமெரிக்காவின் டான்வர்ஸ் மருத்துவமனையிலேயே எடுத்தார். காற்றும் வெளிச்சமும் மனதை ஆற்றும் என்று நம்பிக் கட்டி, 1878-இல் திறந்த இடம் அது. சில நூறு பேருக்கான கட்டடத்தில் பிறகு 2000 பேருக்கு மேல் அடைத்தார்கள். 1992-இல் மூடினார்கள்.

படம் வெளிவந்தது 2001 ஆகஸ்டில். அதே மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகிச் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சங்கிலி போடுவதைத் தடை செய்யும் சட்டம் 2017-இல்தான் வந்தது.

அந்தச் சங்கிலி நமக்குத் தெரியாததல்ல. 1999-இல் பாலாவின் ‘சேது’வில், மனநோயாளிகளைக் கட்டிவைக்கும் பாண்டி மடத்தைப் பார்த்தோம். காதலுக்காக அழுதோம், சேதுவின் பக்கத்தில் கட்டிக் கிடந்தவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் படத்தில் பேய் இல்லை, இடமும் பாழடையவில்லை. ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அதுதான் பயம்.

கீழ்ப்பாக்கமும் அப்படித்தான். சென்னையில் மனநோயாளிகளுக்கென 1794-இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவமனை வந்தது. அது இன்றுவரை காலியானதில்லை. நம் சினிமா அந்த ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் கைத்தொழில் செய்ய ஒரு கூடம் அமைத்ததை எந்தப் படமும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

என் மாமா அங்கிருந்து திரும்பி வந்தவர். போய்க் கூட்டிவந்தது ஆயா. வந்தபின் இந்தப் பேட்டையில்தான் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதினார். முதலில் வெள்ளை, காய்ந்தபின் மெல்லிய தூரிகையில் கருவிழி. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பார். கை நடுங்கியதே இல்லை. ஆனாலும் தெருவில் அவரைக் ‘கீழ்ப்பாக்கம்’ என்றே கூப்பிட்டார்கள்.

குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வராமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிப்போனவர்கள் உண்டு. பேய்ப்படம் எடுக்க நினைக்கிற நம் பையன்கள் முதலில் அவர்களோடு போய் உட்கார்ந்து பேச வேண்டும்.