70 லட்ச ரூபாய் வீடு: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

"வீடு 70 லட்சம். பேங்க் 80% லோன் தருது. மிச்சம் 14 லட்சம்தானே, சேத்துட்டேன்!" இப்படி ஒரு கணக்கு உங்கள் போனிலும் இருக்கலாம். ஆனால் பத்திரப்பதிவு அன்று இந்தப் பணம் போதாது.

14 லட்சம் ஏன் போதாது?

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% வரைதான் கடன் கிடைக்கும். முத்திரைத் தீர்வை (ஸ்டாம்ப் டியூட்டி), பதிவுக் கட்டணம் போன்றவை இந்த மதிப்பில் சேராது. 10 லட்சம் வரையிலான வீடுகளுக்கு மட்டுமே விலக்கு. ஆக, பதிவுச் செலவு முழுக்க உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும்.

எந்த ஊரில் எவ்வளவு?

கிரயப் பத்திரத்துக்கான தீர்வையை முடிவு செய்வது மாநில அரசு. ஜிஎஸ்டி வந்த பிறகும் இது மாறவில்லை. 70 லட்ச ரூபாய் மறுவிற்பனை ஃப்ளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

• மும்பை: தீர்வை 6%, பதிவுக் கட்டணம் 1%, ஆனால் உச்சவரம்பு 30,000 ரூபாய். மொத்தம் 4.5 லட்சம்.
• ஹைதராபாத்: எல்லாம் சேர்த்து 7.5%. மொத்தம் 5.25 லட்சம்.
• பெங்களூரு: செஸ், சர்சார்ஜ் சேர்த்து தீர்வை 5.6%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 5.32 லட்சம். இந்தப் பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31-ல்தான் 1%-லிருந்து இரட்டிப்பானது.
• சென்னை: தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 6.3 லட்சம். பில்டரிடம் முதன்முறையாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு விகிதம் வேறு.

அதாவது, சென்னையில் உங்களுக்குத் தேவை 14 லட்சம் அல்ல, 20.3 லட்சம்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால்?

பலன் இல்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல் குறைவாகக் காட்டினால், அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரியும் வரலாம்.

பெண் பெயரில் பதிந்தால்?

மகாராஷ்டிராவில் தீர்வை 1 சதவீதப் புள்ளி குறையும். நம் உதாரணத்தில் 70,000 ரூபாய் மிச்சம். டெல்லியில் ஆண்களைவிட 2 புள்ளி குறைவு. ஆனால், யார் பெயரில் பதிகிறீர்களோ சொத்து அவருக்குத்தான் சொந்தம். அதை யோசித்து முடிவெடுங்கள்.

கட்டி முடிக்காத வீடு என்றால்?

பதிவுச் செலவோடு ஜிஎஸ்டியும் உண்டு. பொதுவாக 5%, அதாவது 70 லட்சத்துக்கு 3.5 லட்சம். விலை 45 லட்சத்துக்குள், பெருநகரமானால் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1%. நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கும், மறுவிற்பனை வீட்டுக்கும் ஜிஎஸ்டி இல்லை.

டிடிஎஸ் யார் கட்டுவது?

நீங்கள்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1% பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு அல்ல. ஆனால் மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில். விற்பவர் என்ஆர்ஐ என்றால் 1% போதாது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வரிச் சலுகை கிடைக்குமா?

பழைய வரி முறையில் இருந்தால், முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் 1.5 லட்ச ரூபாய் கழிவு வரம்புக்குள் காட்டலாம். புதிய முறையில் இது கிடையாது.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

மாநிலப் பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் இன்றைய விகிதத்தையும் பாருங்கள். வில்லங்கச் சான்று எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் ஃபீஸ், புரோக்கர் கமிஷன், லோன் பிராசஸிங் கட்டணம், பார்க்கிங், பராமரிப்பு முன்பணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால், பத்திரச் செலவுக்காக 'பர்சனல் லோன் போட்டுக்கலாம்' என்று இறங்காதீர்கள். வட்டி அதிகம், வீட்டுக் கடன் தவணையோடு அதற்கும் தனித் தவணை கட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து வாங்குவதோ, கொஞ்சம் சின்ன வீடாகப் பார்ப்பதோ தப்பே இல்லை.