மாவாட்டும் பலகையும் நாலு மில்லிமீட்டரும்

கொச்சியில் ஜூன் பிறந்துவிட்டால் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கும். பேங்கில் ரூபாய் நோட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வேலூர் வெயிலில் வளர்ந்துவிட்டு மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்த எனக்கு இதெல்லாம் புதிது. அதே ஈரம்தான் நம் மிக்ஸிக்குள்ளும் இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் போய் உட்காருகிறது.

பி.காம். படித்தவனுக்கு கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கணக்குத் தெரியும் அல்லவா! இதுவும் கடைசியில் மில்லிமீட்டர் கணக்குதான்.

கரண்டைக் கம்பியை விட்டு வெளியே வராமல் அடைத்து வைப்பது பெரிய பாடாக இருந்திருக்கிறது. 1839-ல் கல்கத்தாவில் ஓஷானசி என்ற டாக்டர், ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டுப் பார்த்தார். கம்பிக்கு உறை என்ன தெரியுமா? கீல், பிளந்த பிரம்பு, தார் பூசிய நூல். பிறகு மலாயாக் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா வந்தது. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் தந்தி ஓடியது அந்த உறையை நம்பித்தான்.

உறை மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும். ரயில் பாதையோரத் தந்திக் கம்பங்களில் வெள்ளைப் பீங்கான் குப்பிகள் கவிழ்த்து வைத்திருந்தது நினைவிருக்கிறதா? மழை பெய்தாலும் குப்பியின் உள்பக்கம் காய்ந்திருக்கும். கரண்ட் கசிய வேண்டுமானால் வெளியே இறங்கி, விளிம்பைச் சுற்றி, உள்ளே ஏற வேண்டும். வழி நீண்டால் கசிவு குறையும். என்ஜினீயர்கள் இதை க்ரீபேஜ் என்கிறார்கள். அதாவது ஊர்ந்து போகிற தூரம்.

இந்த ஊர்க் கதைக்கு வருவோம். இங்கே கொச்சின் எலெக்ட்ரிக் கம்பெனி என்று ஒன்று இருந்தது. யூத வணிகர் சாமுவேல் கோடர் அதோடு தொடர்புடையவர். கோட்டைக் கொச்சியில் கோடர் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1957-ல் கேரள மின் வாரியம் வந்தது. அந்தக் கால வீட்டு வயர்களுக்கு ரப்பர் உறை, மேலே நூல் பின்னல். ரப்பர் வருஷம் போகப் போகக் காய்ந்து வெடிக்கும். பி.வி.சி. வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது.

பக்கத்தில் வெளியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் வந்து சேர்ந்த நம் தமிழ்ச் சலவைக் குடும்பங்கள் அங்கே கனத்த கரிப்பெட்டியால் தேய்த்தே பேர் வாங்கியவர்கள். கரிப்பெட்டி கையைச் சுடலாம், ஷாக் அடிக்காது. 1882-ல் நியூயார்க்கில் ஹென்றி சீலி மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு பேட்டன்ட் வாங்கியதோடு புதுச் சிக்கல் வந்தது: சூடு வெளியே வரணும், கரண்ட் வரக்கூடாது. விடை அபிரகத் தகடு. நெல்லூர்ப் பக்கம் வெட்டியெடுத்த அதே அபிரகம்தான்!

இப்போது கணக்கு. வீட்டுச் சாதனங்களுக்கு நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 302, இஸ்திரிப் பெட்டிக்கு ஐ.எஸ். 366. இவற்றுக்கு வழிகாட்டி சர்வதேசத் தரம் 60335. கரண்ட் ஓடும் பாகத்துக்கும் தொடக்கூடிய உலோகத்துக்கும் நடுவே அது சாதாரணமாகக் கேட்கும் காற்று இடைவெளி 1.5 மில்லிமீட்டர். 230 வோல்ட்டுக்கு அவ்வளவு எதற்கு? இடி மின்னலில் ஒரு நொடிக்கும் குறைவாக 2500 வோல்ட் வரை எகிறினாலும் தாங்க வேண்டுமே!

ஊர்ந்து போகும் தூரம், உள்ளே சுத்தமாக இருந்தால் பொருளைப் பொறுத்து 1.25 முதல் 2.5 மில்லிமீட்டர். ஈரமும் கரண்ட் கடத்தும் தூசியும் படியும் இடமென்றால் 3.2 முதல் 4 வரை. இரட்டைக் காப்பு உள்ள சாதனத்தில் (சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும்) இது இரண்டு மடங்கு.

மிக்ஸியைப் பாருங்கள். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து கரித்தூள் கொட்டுகிறது. மேலே சட்னித் தண்ணீர் வழிகிறது. கூடவே கடற்காற்று. மூன்றும் சேர்ந்தால் தூரம் இருந்தும் பாலம் போட்டது போல ஆகிவிடும். மெல்லிய கசிவு அந்த இடத்தைக் கருக்கும், கருகின இடத்தில் இன்னும் கசியும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி மரப்பலகை மேல் நின்றுதான் மாவாட்டுவார்.

"ஏன் மாமி பலகை?"

"லேசா ஜிவ்வுங்கறது தம்பி, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மாமியைத் தேடி வராது. பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்திருந்தார்கள். பலகை மேல் நின்று ஈரக்கையால் குழாயைத் தொட்டால் பலகையால் என்ன பயன்? இப்போது பிளக்கை மாற்றி, கிரைண்டரையும் பிரித்துத் துடைத்தாகிவிட்டது.

ஊர் விட்டு ஊர் சாமான் கட்டும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எண்ணையும் பாருங்கள். பின்னை ஒடிக்காதீர்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஜிவ்வென்றால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள். மாவு நாளைக்கு ஆட்டிக்கொள்ளலாம்.