இசைத்தட்டின் பின்னால் நின்ற கைகள்

இசைத்தட்டொன்று சுழலும்போது பாடகரின் குரல் முன்னே நிற்கின்றது. வயலின்கள் சற்று அப்பால் ஒலிக்கின்றன. முரசு குரலை அமுக்காமல் அதனைத் தாங்கி நடக்கின்றது. கேட்போர் இவ்வொழுங்கை இயற்கையென்றே கொள்வர். ஆனால், ஒரே அறையில் முரசும் குரலும் கூடினால் வெல்வது முரசே என்பதைக் கோயில் வீதியில் நின்றவர் எவரும் அறிவர். இசைத்தட்டில் அது வெல்லாதிருப்பதற்கு ஒருவருடைய கையும் செவியும் காரணமாகின்றன. இங்கிலாந்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவரைச் சமனிலைப் பொறியியலாளர் என்று வழங்கினர். கலவைப் பொறியியலாளர் என்ற பெயரும் அத்தொழிலுக்கு உண்டு.

எடிசன் 1877ஆம் ஆண்டிலே குரலைப் பிடித்து வைக்கும் கருவியைக் கண்டார். அன்று தொடக்கம் 1925ஆம் ஆண்டுவரை ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமில்லை. அறையின் சுவரில் ஒரு பெரிய கூம்புக் குழல். அதன் மறுமுனையில் மெழுகைக் கீறும் ஊசி. பாடகர் குழலின் வாயருகே நின்று பாடுவார். உச்சத் தாயியை எட்டும் வேளையில் அவர் பின்வாங்க வேண்டும். தவறினால் ஊசி துள்ளித் தட்டுப் பழுதாகும். அதற்கெனப் பதிவாளர் பாடகரின் தோளைப் பற்றி முன்னும் பின்னும் நகர்த்துவதுமுண்டு. வயலினின் மெல்லொலி குழலுக்கு எட்டாமையால், உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்ற விசித்திரமான வாத்தியம் புழக்கத்துக்கு வந்தது. பெரிய தந்தி வாத்தியங்களின் இடத்தை ரியூபா என்னும் ஊதுகருவி நிரப்பியது. அக்காலத்தில் ஒலியைக் கலப்பதென்பது மனிதரை இடம் மாற்றி நிறுத்துவதேயன்றி வேறன்று.

1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கி கூடத்துக்குள் நுழைந்தது. பல ஒலிவாங்கிகளை ஒரு மேசைக்கு இணைத்து, ஒவ்வொன்றின் வலிமையையும் திருகியால் கூட்டவும் குறைக்கவும் பின்னர் வழி பிறந்தது. லண்டனில் அபி றோட் கூடம் 1931 நவம்பரில், எல்கார் தாமே இசைக்குழுவை நடத்தத் திறக்கப்பெற்றது. எனினும், ஓர் இடர் நீங்கவில்லை. வாசிக்கும்போதே சமன் செய்தாக வேண்டும். தட்டில் விழுந்தது விழுந்ததுதான்.

அத்தளையை அறுத்தவர்களுள் முதலிடத்தில் வைக்கத்தக்கவர் நியூயோர்க்கின் ரொம் டவுட். 1925ஆம் ஆண்டு பிறந்த அவர் இசைக் குடும்பத்துப் பிள்ளை. ஆயினும் அவர் நாடியது பௌதிகத்தை. இளமையிலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அணுகுண்டை ஆக்கிய மன்ஹற்றன் திட்டத்துக்காக உழைத்தார். போர் முடிந்து படிப்பைத் தொடர முற்பட்டபோது ஒரு வேடிக்கை நேர்ந்தது. அவர் இரகசியமாகச் செய்த வேலை, வகுப்பிற் கற்பிக்கப்பட்ட பாடத்தைக் கடந்து நின்றது. அதனை வாய்விட்டுச் சொல்லவும் சட்டம் இடந்தரவில்லை. பௌதிகத்தை விட்டு ஒலிப்பதிவுக்கு வந்தார். அணுவின் இழப்பு இசையின் பேறாயிற்று.

அத்லாந்திக் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்நாளில் தனிக் கூடமில்லை. பகலில் அலுவலகமாக விளங்கிய அறையில், மாலையானதும் மேசைகளை ஒதுக்கி அடுக்கிவிட்டு ஒலிப்பதிவு நடத்தினர். அத்தகைய இடத்துக்கு, எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியவல்ல அம்பெக்ஸ் நாடாக் கருவியை 1958ஆம் ஆண்டளவில் வருவித்தவர் டவுட். கித்தார்க் கலைஞர் லெஸ் போலிடம் மட்டுமே அதற்கு முன் அத்தகைய கருவியொன்று இருந்தது. குரலுக்கு ஒரு தடம், முரசுக்கு ஒரு தடம், பியானோவுக்கு ஒரு தடம் என்று பிரித்து வைத்தால், கலைஞர் வீடு சென்ற பின்னரும் சமனிலையை ஆறுதலாக அமைக்கலாம். கலவை என்பது பதிவினின்றும் பிரிந்து ஒரு தனித்தொழிலானது இவ்வாறே.

மேசையிலிருந்த வட்டத் திருகிகள் டவுட்டுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கை ஒரு திருகியையே ஆளும். எட்டுத் தடங்களுக்கு எட்டுக் கைகளுக்கு எங்கே போவது? மேலும் கீழும் நகரும் பிடிகளை நெருக்கமாக வரிசைப்படுத்தினார். பத்து விரல்களாலும் பியானோ வாசிப்பதுபோல அவற்றை இயக்கினார். றே சார்ள்ஸ் 1959 பெப்ரவரியிற் பதிந்த 'வட் ஐ சே' என்ற பாடல் ஒரு சிறிய தட்டின் பக்கத்துக்கு அடங்காமல் நீண்டபோது, அதனைச் சுருக்கி இரு பக்கங்களுக்குப் பகுத்தவரும் அவரே.

லண்டனில் நிலைமை வேறு. அபி றோட்டில் எட்டுத் தடக் கருவி 1968ஆம் ஆண்டிலேதான் பயனுக்கு வந்தது. அதற்கு முன் நான்கு தடங்களே. அங்கே ஜெவ் எமெரிக் என்ற இளைஞர், பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்து, இருபது வயதில் பீற்றில்ஸ் குழுவின் சமனிலைப் பொறியியலாளரானார். 1966 ஏப்ரில் 6ஆம் நாள் அப்பொறுப்பில் அவருக்கு முதல் நாள். மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தம் குரல் ஒலிக்க வேண்டுமென்று ஜோன் லெனன் கேட்டார். கேட்பது எளிது! எமெரிக் அக்குரலை ஓகனுக்குரிய சுழலும் ஒலிபெருக்கியின் வழியே செலுத்திக் கொடுத்தார். பெரிய முரசின் அருகே ஒலிவாங்கியைக் கொண்டுசெல்லலாகாது என்பது கூடத்தின் விதி. அவரோ ஒலிவாங்கியைச் சில அங்குலத்துக்குள் வைத்ததோடு, நான்கு கழுத்துக்கள் கொண்ட ஒரு கம்பளி மேற்சட்டையை முரசினுள் அடைத்து அதிர்வை அடக்கினார். நிருவாகம் கண்டித்தது, பின்னர் அக்குழுவின் பதிவுகளுக்கு மட்டும் அவ்வாறு செய்ய அனுமதித்துக் கடிதம் வந்தது என்று எமெரிக் தம் நூலிலே கூறுகின்றார்.

நான்கு தடங்கள் நிரம்பினால் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஓரிரு தடங்களுக்கு மாற்றுவர். அதன்பின் அக்கலவையைப் பிரிக்க இயலாது. முரசு சற்று மிகுந்துவிட்டதென்று ஒரு மாதம் கழித்து உணர்ந்தால் அதற்கு மருந்தில்லை. இன்னும் பாடப்படாத குரலுக்கும், இன்னும் எழுதப்படாத வயலினுக்கும் இடம்விட்டு முதல் நாளிலேயே சமன் செய்ய வேண்டும். கட்டி முடியாத வீட்டுக்கு ஓடு அளப்பது போன்ற வேலை அது. 'சார்ஜன்ட் பெப்பர்' என்னும் 1967ஆம் ஆண்டு இசைத்தட்டு இவ்வகையில் ஆக்கப்பட்டதே. அதன் இறுதிப் பாடல் பியானோக்களின் ஒரே ஓசையில் முடிகின்றது. ஓசை தேயத் தேய எமெரிக் பிடிகளைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே சென்றார். நாற்பது விநாடிகளுக்கு மேல் அது அடங்காது நிற்பதற்குக் காரணம் அவ்விரல்களே. உற்றுக் கேட்போருக்கு, ஈற்றிலே கூடத்தின் உள்ளரவமும் செவிப்படும்.

அத்தட்டின் உறையில், படம் அமைத்தவர் பெயரும் படம் பிடித்தவர் பெயரும் உண்டு. ஒலியைச் சமன் செய்தவர் பெயர் இல்லை. மறு ஆண்டில் அதே தட்டுக்காக எமெரிக்குக்குக் கிராமி விருது கிடைத்தது. டவுட்டுக்கு அவ்வமைப்பின் உயர் விருதொன்று 2002ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஒற்றோபரிலேயே அவர் காலமானார். எமெரிக் 2018 ஒற்றோபரில் மறைந்தார்.

ஒரு செய்தி மீதியாகவுள்ளது. 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டுக்கு இரண்டு கலவைகள் செய்யப்பட்டன. ஒற்றை ஒலிபெருக்கிக்குரிய கலவையை, பீற்றில்ஸ் குழுவினரும் உடனிருந்து, நாட்கணக்கில் உழைத்து ஆக்கினர். ஸ்டீரியோக் கலவையோ அவர்கள் இல்லாதபோது சில நாட்களுக்குள் முடிக்கப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் ஸ்டீரியோக் கருவி வைத்திருந்தோர் சிலரே. பின்னர் ஒற்றை ஒலிபெருக்கிகள் வழக்கொழிந்தன. விரைந்து முடித்த கலவையே உலகெங்கும் பரவியது. மற்றையது குறுந்தட்டாக வெளிவந்தது 2009ஆம் ஆண்டில்.