சுங்கவேலியும் அடுப்படியும்

அளவெட்டியில் ஒரு வீட்டின் அடுப்படிக்குள் நாம் நுழைவோம். தவிலுக்கும் நாதசுவரத்துக்கும் பேர்போன ஊர். கவிஞர் மகாகவி பிறந்த ஊர். ஆழக்கிணறும் செம்மண் தோட்டமும் உள்ள ஊர். ஆயினும் அவ்வீட்டு அடுப்பில் வேகின்றவை யாவும் அம்மண்ணில் விளைந்தவையல்ல. அரிசி வன்னியினது. பருப்பும் சீனியும் கோதுமை மாவும் கடல் கடந்து வந்தவை. ஒரு காலத்தில் ஊர் முற்றங்களிலே சிவப்புப் பாயாகக் காய்ந்து கிடந்த செத்தல் மிளகாய்கூட இன்று பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றது. இவ்வீட்டார் எந்தக் கப்பலையும் கண்டதில்லை. எந்த உடன்படிக்கையிலும் கையொப்பமிட்டதில்லை. எனினும் எங்கோ ஒரு நாடு ஒரு வணிகக் கூட்டிலிருந்து விலகினால், அல்லது ஒரு சுங்கவேலி உயர்ந்தால், அதன் கணக்கு கடைசியில் இந்த அடுப்படியிலேயே தீர்க்கப்படுகின்றது.

பிரித்தானியா 2016 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் வாக்கெடுத்து, 2020 ஜனவரி 31 ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. லண்டனிலே வாழும் நம்மவர் வீடுகளிலும் அதன் பின்னர் கடைச் சிட்டை நீண்டது. வணிகக் கூட்டிலிருந்து விலகினால் குடும்பத்தின் உணவு விலை என்னவாகும் என்னும் வினா அப்போது உலகெங்கும் எழுந்தது. நமக்கோ இது புதிய வினாவன்று. யாழ்ப்பாணக் குடாநாடு அதனை இரண்டு நூற்றாண்டுகளாக அனுபவித்து வந்துள்ளது. அந்த அனுபவத்தை முறையாக எடுத்துரைப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என நாம் கருதுகின்றோம்.

குடாநாட்டில் ஆறில்லை. மழையை நம்பிய நெல் ஊர் வயிற்றுக்கு ஒருநாளும் போதியதில்லை. ஆகவே எதையேனும் விற்றே சோறுண்ண வேண்டும் என்பது இம்மண்ணின் விதியாயிற்று. விற்ற பொருள் புகையிலை. வாங்கிய இடம் திருவிதாங்கூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு புகையிலை வணிகம் அரசின் ஏகபோகமாக இருந்தது. பின்னர் திவான் மாதவராவ் காலத்தில் ஏகபோகம் ஒழிந்து இறக்குமதித் தீர்வை வந்தது. ஏகபோகமாயினும் தீர்வையாயினும், திருவனந்தபுரத்தில் எழுதப்பட்ட ஒரு வரி வலிகாமத்துக் கமக்காரனின் சோற்றை அளந்தது. புகையிலை விலை விழுந்த ஆண்டில் அரிசி விலை ஏறாவிடினும் அவனுக்கு அரிசி அருமையாயிற்று. ஒரு பண்டத்தின் விலை கடைப்பலகையில் மட்டும் எழுதப்படுவதன்று. வாங்குபவனின் கையிலுள்ள காசும் அவ்விலையின் மறுபாதியாகும். இவ்வுண்மையை நாம் முதலில் மனங்கொள்ளவேண்டும்.

இந்தியா விடுதலை பெற்றபின் திருவிதாங்கூர் இந்திய ஒன்றியத்துள் அடங்கிற்று. சுங்கவேலி டெல்லியின் கைக்குப் போயிற்று. பழைய புகையிலை வணிகம் படிப்படியாகத் தேய்ந்தது. தோட்டக்காரர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாறினர். இம்மாற்றத்தைக் குடாநாட்டு மக்களிடம் யாரும் கேட்டுச் செய்யவில்லை.

இதற்குள் இன்னொரு கதவு அடைபட்டிருந்தது. போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பங்கு இறக்குமதியானது. அதிலும் பெரும்பங்கு பர்மாவினுடையது. பிரித்தானிய ஏகாதிபத்தியம் தன் குடியேற்ற நாடுகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருந்தது: பர்மா நெல் விளைக்க, இலங்கை தேயிலையும் ரப்பரும் விளைக்க. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஒரே மாதத்தில் அந்த ஏற்பாடு நொறுங்கியது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, ஊருக்கு ஊர் சங்கக்கடை எழுந்தது. கோதுமை மாவும் பாணும் வழக்கமான உணவாக நம் வீடுகளுக்குள் வேரூன்றியது அக்காலத்திலேதான். குரக்கனும் மரவள்ளியும் ஒடியலும் ஏழைகளின் உணவென்று ஒதுக்கியிருந்தோரும் அவற்றைத் தேடினர். ஒரே வாயிலை நம்பிய நாடு, அவ்வாயில் அடைபட்டால் என்னவாகும் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

ஆனால் கூட்டிலிருந்து விலகுதல் எப்போதும் விலையேற்றத்தையே தரும் என்று முடிவுகட்டுதல் தவறு. 1952 இல் உலகச் சந்தையில் அரிசி அருமையாகவும் ரப்பர் மலிவாகவும் இருந்தன. சீனத்துக்கு ரப்பர் போகலாகாதென அமெரிக்கா வேலி கட்டியிருந்தது. இலங்கை அவ்வேலியைத் தாண்டியது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். டிசம்பரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 50,000 தொன் ரப்பருக்கு எதிராக 2,70,000 தொன் அரிசி. ரப்பருக்குச் சந்தையினும் கூடிய விலை. அரிசிக்குச் சந்தையினும் குறைந்த விலை. ஒரு வேலிக்கு வெளியே கால் வைத்தபோது வேறொரு கதவு திறந்திருந்தமையால் நாடு பயனடைந்தது.

அப்படியாயின் மக்களின் சோறு மலிந்ததா? இல்லை. உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏழு மாதங்களுள், 1953 ஜூலையில், பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனா உதவுதொகையை வெட்டினார். ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். துறைமுகத்துக்கு வரும் விலை வேறு, அடுப்படிக்கு வரும் விலை வேறு; இரண்டுக்கும் இடையில் அரசு நிற்கின்றது. அது யார் பக்கம் நிற்கின்றது என்பதே கேள்வி.

1970 இல் ஐக்கிய முன்னணி ஆட்சி வந்தது. நிதியமைச்சு 1975 வரை என். எம். பெரேராவிடம் இருந்தது, எனவே நாம் பேசப்போவது நம்மவர் காலமேயாம். அந்நியச் செலாவணி வற்றியிருந்தது. மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வருவது தடைப்பட்டது. குடாநாட்டுத் தோட்டங்களுக்கு அஃது ஒரு பொற்காலமாயிற்று. சுன்னாகம் சந்தையில் லொறிகள் வரிசையாக நின்றன. படித்த வாலிபர் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போய் மிளகாய் நட்டனர். மண்வீடுகள் கல்வீடுகளாயின. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து பிள்ளைகளின் வாயில் குறுகிய அதே ஆண்டுகளில் தகப்பன்மாரின் மடி கனத்தது என்பதும் வரலாற்றின் முரண்.

எனினும் அளவெட்டியிலே இரண்டு வீடுகள் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது. ஒன்று தோட்டக் காணியுள்ளவனின் வீடு. மற்றது அத்தோட்டத்தில் கூலிக்குக் கொத்தி, இறைத்து, மிளகாய் பிடுங்கியவனின் வீடு. பெரும்பாலும் சாதியின் பேரால் காணியுரிமை மறுக்கப்பட்ட குடும்பத்தினது. முன்னவன் மிளகாயை விற்பவன், பின்னவன் வாங்குபவன். ஒரே விலை ஒரு வீட்டில் வருமானமாகவும் மறு வீட்டில் செலவாகவும் நுழைந்தது. தென்னிலங்கையிலோ பாணுக்கு நீண்ட வரிசைகள். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லத் தடை. 1973 இல் எண்ணெய் விலை உலகெங்கும் துள்ளியபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்திருந்தது. அதற்கு வேண்டிய மண்ணெண்ணெயும் பயிருக்கு வேண்டிய உரமும் கப்பலில் வருவனவே. மிளகாயைத் தடுத்த வேலி, மிளகாயை விளைவித்த எண்ணெயைத் தடுக்கவியலாது.

1977 இல் ஆட்சி மாறிற்று, சந்தை திறந்துவிடப்பட்டது. செத்தல் மிளகாயும் பம்பாய் வெங்காயமும் கப்பலில் வந்திறங்கின. நகரத்து வாங்குபவனுக்குச் சிறிது ஆறுதல். குடாநாட்டுத் தோட்டக்காரனுக்கோ பேரிடி. கடன்பட்டு இயந்திரம் வாங்கியவனும் வன்னியிலே காடு வெட்டியவனும் ஒருசேர வீழ்ந்தனர். தோட்டம் ஒடுங்கியபோது கூலியாளுக்கு மிளகாய் மலிந்ததேயன்றி, அதை வாங்குவதற்கான வேலை குறைந்தது. வேலியைக் கட்டியபோது வாங்குபவனைக் காக்கவில்லை. வேலியை இடித்தபோது விளைவித்தவனைக் காக்கவில்லை. இரு முறையும் உழைப்பாளியே இடையில் அகப்பட்டான்.

பின்னர் வந்தது போர். 1990 முதல் குடாநாட்டின்மீது விழுந்த பொருளாதாரத் தடையை வணிகக் கொள்கை என்று கூறுதல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். மண்ணெண்ணெய், உரம், சவர்க்காரம், மின்கலம் ஆகியவை தடைப்பட்ட பொருள்களாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே வெறுமையாயிற்று. 2002 இல் திறந்த ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. ஒரு சமூகத்தைச் சந்தையிலிருந்து முழுவதும் பிரித்தால் விலை என்னும் சொல்லே பொருளிழந்துவிடும் என்பதை அக்காலத்துத் தாய்மார் அறிவர். பண்டம் இருந்தாலன்றோ விலை கேட்பதற்கு?

அண்மைக்காலமும் அதே பாடத்தைப் படிப்பித்தது. 2020 இல் செலாவணி நெருக்கடியால் மஞ்சளும் உளுந்தும் இறக்குமதித் தடைக்குள்ளாயின. தோசையும் வடையும் உளுத்தம்மாக் களியும் வழக்கமான வீடுகளில் உளுந்து அரும்பொருளாயிற்று. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அறிவித்தலில் தடுத்து, நவம்பரில் பின்வாங்கினர். அதற்குள் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்டவியலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா கொடுக்கவேண்டியதாயிற்று.

இனிப் பிரித்தானியாவுக்கு மீள்வோம். அங்கு ஐரோப்பாவுடன் புதிய சுங்கவரி பெரும்பாலும் எழவில்லை. உடன்படிக்கை அதைத் தவிர்த்தது. ஆயினும் பத்திரம், சோதனை, மிருகவைத்தியச் சான்று, துறைமுகத் தாமதம் ஆகியவை சேர்ந்தன. காகிதமும் ஒரு வேலியே. லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர் 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை இதனால் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 250 பவுண் கூடுதற் செலவு. உள்நாட்டு உற்பத்தியாளர் சிலர் ஆதாயமடைந்தனர். வாங்குவோர் இழந்தது அதனினும் அதிகம். வருமானத்திற் பெரும்பங்கை உணவுக்குச் செலவிடும் ஏழைக் குடும்பத்தையே இச்சுமை மிகுதியாக அழுத்திற்று. இது நம் 1970 களின் கதையே அன்றோ? நிறம் வேறு, நாணயம் வேறு. இரண்டு வீடுகளின் கணக்கு ஒன்றே.

இவற்றால் நாம் பெறும் முடிவு யாது? சந்தையைத் திறத்தலே முற்போக்கு என்பாரும், மூடுதலே தேசபக்தி என்பாரும் பாதி உண்மையையே பேசுகின்றனர். வேலியை மாற்றும்போது மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். மூடும் கதவுக்கு ஈடாக எந்தக் கதவு திறந்திருக்கின்றது? விளைவிப்பவன் மாறிக்கொள்ள எத்தனை போகம் அவகாசம்? காணியும் இல்லாமல் காசும் இல்லாமல் நிற்பவனுக்கு யார் பொறுப்பு? 1952 இல் முதல் வினாவுக்கு விடை இருந்தது. 1970 இல் மூன்றாவது வினா கேட்கப்படவில்லை. 1977 இல் இரண்டாவது கேட்கப்படவில்லை. 2021 இல் ஒன்றுமே கேட்கப்படவில்லை.

பண்ட வரிகளை வர்த்தமானி மூலம் ஒரே இரவில் ஏற்றி இறக்கும் வழக்கத்தை நாம் பலமுறை கண்டோம். வெங்காயம் நட்டவன் மாலையில் ஒரு விலையை நம்பிப் படுக்கிறான். காலையில் வேறொரு விலைக்கு விழிக்கிறான். மக்களின் சோற்றைத் தீர்மானிக்கும் முடிவுகள் மக்களின் கண்ணெதிரே, அவர்தம் சங்கங்களின் வாய்மொழி கேட்டபின்னரே எடுக்கப்படவேண்டும் என்று கோருவது பேராசையன்று.

ஆசிரியத் தோழர்கள் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தவரிடம் சென்று, மிளகாயும் அரிசியும் எந்த ஆண்டில் என்ன விலை விற்றன, அப்போது வீட்டுக்கு எவ்வழியாகக் காசு வந்தது என்று கேட்டு எழுதிவரட்டும். காணியுள்ள வீட்டு ஏடும் காணியில்லாத வீட்டு ஏடும் வகுப்பிலே அருகருகே வைக்கப்படட்டும். நமது பொருளாதார வரலாற்றின் முதற் பாடநூல் அதுவாகவே இருக்கும்.