காத்திருந்தவர்களின் கணக்கு: மேக் மினியும் மேக் ப்ரோவும்

மேசைக் கணினி வாங்கக் கிளம்புகிறவரிடம் யாராவது ஒருவர் "இப்ப வாங்காதீங்க, புது மாடல் வரப்போகுது" என்று சொல்லாமல் விடமாட்டார். அவர் சொல்வது பொய்யல்ல. கணினி உலகில் எப்போதும் ஏதோ ஒரு புது மாடல் வரத்தான் போகிறது. எப்போது வரும், என்ன விலைக்கு வரும், வருவது நாம் எதிர்பார்த்ததுதானா என்பதைத்தான் அந்த யோசனை சொல்வதில்லை. இதை உரசிப் பார்க்க ஆப்பிளின் இரண்டு மேசைக் கணினிகள் போதும். ஒன்று, அதன் வரிசையிலேயே மலிவான மேக் மினி. மற்றொன்று, விலையில் உச்சியில் உட்கார்ந்திருந்த மேக் ப்ரோ. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டையும் ஆப்பிள் கிடப்பில் போட்டது. இரண்டுக்காகவும் ஆண்டுக்கணக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பலன் ஒன்றல்ல.

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் கணினி என்றால் இந்தக் கேள்வி இவ்வளவு உறுத்தாது. இன்று வாங்கிய பெட்டியில் அடுத்த வருடம் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றலாம், ரேம் சேர்க்கலாம். அடுத்து என்ன வருகிறது என்று இன்டெலும் ஏஎம்டியும் முன்கூட்டியே தண்டோரா போட்டுவிடும். ஆப்பிள் வாயைத் திறக்காது. இந்தத் தொழிலில் அப்படி வாய்மூடி இருப்பதற்குப் பின்னால் ஒரு பழைய பயம் உண்டு. 1981இல் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை 1,795 டாலருக்கு விற்று ஓஹோவென்று வளர்ந்தது ஆஸ்பார்ன் நிறுவனம். 1983இல் அடுத்த மாடலைப் பற்றி முன்னதாகவே பேசப்போய், அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. பேச்சு மட்டுமே அதைக் கவிழ்க்கவில்லை, போட்டியும் நிர்வாகக் குளறுபடியும் சேர்ந்தே கவிழ்த்தன என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், புதிது வருகிறது என்று சொன்னால் பழையது கடையில் தேங்கும் என்ற அச்சம் தொழிலில் நிலைத்துவிட்டது.

மேக் மினியை 2005 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டினார். விலை 499 டாலர். திரை, விசைப்பலகை, மவுஸ் எதுவும் உடன் வராது. இருப்பதைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். விண்டோஸ் கணினி வைத்திருப்பவரை அதே திரையோடு மேக் பக்கம் இழுக்கப் போட்ட தூண்டில் அது. 2012இல் வந்த மினியில் நான்கு கோர் ஐ7 ப்ராசஸர் கிடைத்தது. அடிமூடியைத் திருகித் திறந்தால் ரேமை நாமே மாற்றலாம். வீட்டு சர்வர் நடத்துவோர், பாட்டுப் பதிவு செய்வோர், செயலி எழுதுவோர் எல்லோரும் விரும்பிய பெட்டி.

2014 அக்டோபர் 16 அன்று அடுத்த மினி வந்தது. விலை 599இலிருந்து மறுபடி 499 டாலருக்கு இறங்கியது. அத்தோடு நான்கு கோர் ப்ராசஸரும் காணாமல் போனது! எல்லா மாடலிலும் இரண்டு கோர்தான். ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையில் இரண்டு கோர் சிப்புக்கும் நான்கு கோர் சிப்புக்கும் வெவ்வேறு வகை மதர்போர்டு தேவைப்பட்டது. இந்தச் சின்னப் பெட்டிக்காக இரண்டு போர்டு செய்ய ஆப்பிள் முனையவில்லை. பல கோர்களைச் சேர்த்து உழைக்க வைக்கும் வேலைகளில் பழைய 2012 மினி புதிய 2014 மினியைத் தோற்கடித்தது. இரண்டு வருடம் பொறுத்தவருக்குக் கிடைத்தது குறைந்த கணினி. பொறுக்காமல் 2012இல் வாங்கியவர் கெட்டிக்காரர் ஆனார். பழைய பொருள் சந்தையில் அவருடைய பெட்டிக்கு மவுசு கூடியது. புது மாடல் என்றாலே மேலான மாடல் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தையாவது நினைவில் வைத்திருப்பது நல்லது.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஒன்றுமில்லை. 2017 அக்டோபரில் வாடிக்கையாளர் ஒருவரின் மின்னஞ்சலுக்கு ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் பதில் எழுதினார்: மினி எங்கள் வரிசையில் முக்கிய இடம் வகிக்கும், விவரம் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை என்பது அதன் சாரம். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வருடம் காத்தவர்கள் உண்டு. 2018 அக்டோபர் 30 அன்று, நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த விழாவில் கடைசியில் அது வந்தது. நான்கு கோர் அல்லது ஆறு கோர், 64 ஜிபி வரை மாற்றக்கூடிய ரேம். தொடக்க விலை 799 டாலர்.

மேக் ப்ரோவின் கதை இதைவிடக் காரமானது. 2006இல் பிறந்த பெரிய அலுமினியப் பெட்டி. உள்ளே கார்டு செருகும் இடங்கள், டிஸ்க் அடுக்குகள். 2012இல் பெயருக்கு ஒரு சிறு மாற்றம் செய்துவிட்டு, அடுத்த வருடக் கடைசியில் பெரிதாக ஒன்று வருகிறது என்று டிம் குக் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதினார். நடுவில் ஐரோப்பியர்களுக்கு ஒரு வேடிக்கை நேர்ந்தது. மின்சாதனப் பாதுகாப்பு விதி மாறியதால், 2013 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய மேக் ப்ரோ விற்கவே முடியாமல் போனது. காத்திருப்பதா வாங்குவதா என்ற குழப்பமே அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

2013 ஜூனில் ஆப்பிளின் சந்தைப்படுத்தல் தலைவர் பில் ஷில்லர் மேடையில் ஒரு கறுப்பு உருளையைக் காட்டி, புதுமை படைக்க எங்களால் முடியாதாமே என்று கொச்சையான சொல்லோடு சவால் விட்டார். 9.9 அங்குல உயரம், 6.6 அங்குல விட்டம். நடுவில் முக்கோண வடிவ வெப்பக் கடத்தி. அதன் மூன்று முகங்களில் ஒரு ப்ராசஸரும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளும். டிசம்பரில் 2,999 டாலருக்கு விற்பனை தொடங்கியது. டெக்ஸாஸில் பூட்டப்பட்ட அந்தக் கணினிக்குத் தேவையான ஒரு சின்னத் திருகாணி உள்ளூரில் போதிய அளவு கிடைக்காமல் உற்பத்தி தாமதப்பட்டது என்று பின்னாளில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

அதன்பின் 2017 ஏப்ரல் வரை அந்த உருளையில் எதுவும் மாறவில்லை. அப்போதுதான் ஆப்பிள் தன் வழக்கத்தை மீறி, நாலைந்து பத்திரிகையாளர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசியது. வெப்ப விஷயத்தில் எங்களை நாங்களே ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டோம் என்று அதன் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். புதிய மேக் ப்ரோ வரும், ஆனால் இந்த ஆண்டு இல்லை என்றார்கள். மறு ஆண்டு, அது 2019க்கான பொருள் என்றார்கள். 2019 டிசம்பரில் கைக்கு வந்தபோது விலை 5,999 டாலர். அந்த விலைக்கு 256 ஜிபி சேமிப்பகம். சக்கரம் வைத்து வேண்டுமானால் 400 டாலர் தனி.

இரண்டும் தாமதம்தான், ஆனால் ஒரே வகைத் தாமதமல்ல. மினிக்குப் பொருத்தமான சிப்புகளை இன்டெல் ஒவ்வொரு தலைமுறையிலும் செய்துகொண்டேதான் இருந்தது. அதே சிப்புகளை ஆப்பிள் தன் மடிக்கணினிகளில் பொருத்தியும் வந்தது. மினியை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கவனம் திரும்பிய நாளில் அதே அலுமினியக் கூட்டுக்குள் புதிய போர்டு ஏறிவிட்டது. ப்ரோவின் முட்டுக்கட்டை அதன் வடிவத்திலேயே இருந்தது. நடுத்தரமான இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் காலம் வரும் என்று நம்பி அந்த உருளையைச் செய்தார்கள். உலகம் போனதோ ஒரே பெரிய, சூடு கக்கும் கார்டின் திசையில். முக்கோணத்தின் ஒரு முகத்தில் அவ்வளவு சூட்டை ஏற்ற முடியாது. ஆகவே உருளைக்குள் அடங்கும் புது மாடல் என்று ஒன்று வருவதற்கே வழியில்லை. முழுக்க வேறொரு கணினியை வரைந்தாக வேண்டும். 2015இல் ப்ரோவுக்காகக் காத்திருந்தவர் தனக்குத் தெரியாமலே, இன்னும் யாரும் வரையத் தொடங்காத ஒன்றுக்காகக் காத்திருந்தார்.

என்னைக் கேட்டால், காத்திருப்பதா என்று முடிவு செய்யுமுன் எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணுவதைவிட, ஏன் தாமதம் என்று கேட்பதுதான் பயன் தரும். அசட்டையால் நேர்ந்த தாமதம் எந்த வாரமும் தீரலாம். வடிவத்தால் நேர்ந்த தாமதம் அப்படித் தீராது. தீரும்போது வருவது வேறு பொருளாக, வேறு விலையில் இருக்கும்.

விலையில் இரண்டுமே காத்திருந்தவரின் பையைப் பதம் பார்த்தன என்பது உண்மை. 499 என்பது 799 ஆனது. 2,999 என்பது 5,999 ஆனது. ஆனால் மினிக்குக் கூடுதலாகக் கொடுத்த 300 டாலருக்கு இரட்டிப்பு கோர்களும் மாற்றக்கூடிய ரேமும் கிடைத்தன. ப்ரோவில், நடுத்தர நிலைப் பயனர் என்று ஒரு கூட்டமே வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மூவாயிரம் டாலருக்கு ஒரு நல்ல பெட்டி கேட்டு ஆறு ஆண்டு நின்றவர்களுக்கு ஆறாயிரம் டாலர் பெட்டியைக் காட்டினார்கள். சினிமா எடிட்டர்கள், அனிமேஷன் கலைஞர்கள் பலர் அதற்குள் விண்டோஸ் பக்கம் போய்விட்டிருந்தார்கள். மாற மனமில்லாத சிலர், உருளைக்கு முந்தைய அலுமினியப் பெட்டியிலேயே புது ப்ராசஸரும் புது கிராஃபிக்ஸ் கார்டும் மாட்டி ஓட்டினார்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மேக் ப்ரோ அதுதான் என்று அவர்கள் சொன்னதை மறுப்பது கடினம்.

யார் காத்திருக்கிறார் என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. வீட்டில் மின்னஞ்சலும் புகைப்படமும் பார்ப்பவர் பழைய கணினியோடு ஒரு வருடம் ஒப்பேற்றினால் போவது கொஞ்சம் பொறுமை மட்டுமே. கணினியில் சம்பாதிப்பவர் நிலை அப்படியல்ல. ஒரு காட்சியை ரெண்டர் செய்ய நான்கு மணி நேரம் எடுக்கும் பெட்டிக்குப் பதில் ஒரு மணி நேரப் பெட்டியை வாங்காமல் தள்ளிப்போட்டால், அந்த மூன்று மணி நேரம் தினமும் அவர் கணக்கில் பற்று. விந்தை என்னவென்றால், காத்திருப்பது கட்டுப்படியாகும் மக்களுக்கு நான்கு ஆண்டில் தீர்வு வந்தது; கட்டுப்படியாகாதவர்களை ஆறு ஆண்டு நிற்கவைத்தார்கள்.

இதற்குமேல் 2020 ஜூன் 22 வந்தது. இன்டெலைக் கைவிட்டுச் சொந்த சிப்புக்கு மாறுகிறோம் என்று ஆப்பிள் அறிவித்த நாள். அன்றைக்குப் புது மேக் ப்ரோ விற்பனைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நவம்பரில் எம்1 சிப்போடு மினி 699 டாலருக்கு வந்து, ஒற்றைக் கோர் வேகச் சோதனைகளில் 5,999 டாலர் ப்ரோவை முந்தியது. 2022 மார்ச்சில் மேக் ஸ்டூடியோ என்ற புது மேசைக் கணினி வந்தது. எம்1 அல்ட்ரா சிப் வைத்த அதன் 3,999 டாலர் மாடல், 28 கோர் மேக் ப்ரோவை மிஞ்சும் என்று ஆப்பிளே சொன்னது. 2023 ஜூனில் மேக் ப்ரோவும் சொந்த சிப்புக்கு மாறியது, 6,999 டாலருக்கு. அதே எம்2 அல்ட்ரா ஸ்டூடியோவில் 3,999. மீதி 3,000 கார்டு செருகும் இடங்களுக்கான விலை. ஆனால் அந்த இடங்களில் கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் வேலை செய்யாது. 2019 பெட்டி 1.5 டிபி வரை ரேம் ஏற்றது. இது 192 ஜிபியோடு நின்றது. மினியில் 2014இல் நடந்த கதை ப்ரோவில் 2023இல் நடந்தது.

2018 மினியை வாங்கியவரையும் காலம் முழுசாக விட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ இயங்குதளம் அந்த மினியை ஏற்கவில்லை. 2019 ப்ரோவை ஏற்றது. இன்டெல் மேக்குகளுக்கு அதுவே கடைசிப் பதிப்பு என்பதால் ப்ரோக்காரருக்கு அதிகம் கிடைத்தது ஒரு வருடம். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் அது பெரிய ஆறுதல் இல்லை. 27 அங்குல ஐமேக் 2022இல் நின்ற பின்னும் அடுத்ததற்காகக் காத்திருந்தவர்கள் நிலை இன்னும் மோசம்: இலவு காத்த கிளி. 2023 நவம்பரில் அப்படியொன்று வராது என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

இன்று வாங்க நினைப்பவருக்கு மினி ஓரளவு குறிப்பு கொடுக்கிறது. எம்2 சிப் 2022 ஜூலையில் மேக்புக் ஏரில் வந்து, 2023 ஜனவரியில் மினிக்கு வந்தது. எம்4 சிப் 2024 மே மாதம் ஐபேடில் வந்து, அக்டோபரில் மினிக்கு வந்தது. விலை அதே 599 டாலர், ரேம் இரட்டிப்பாகி 16 ஜிபி. இரண்டு முறையும் ஏறக்குறைய அரை வருட இடைவெளி. ஆகவே புதிய சிப் வேறொரு ஆப்பிள் பொருளில் ஏறிவிட்டது, கடையிலிருக்கும் மினிக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது என்றால் சில மாதம் பொறுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எம்3 சிப் மினிக்கு வரவே இல்லை; 2023 அக்டோபரில் அதற்காகக் காக்கத் தொடங்கியவர் முழுதாக ஒரு வருடம் நின்றார். பொறுப்பதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அது தாண்டினால் இருப்பதை வாங்கிவிடுங்கள். இந்தியாவில் எம்2 மினியும் எம்4 மினியும் வந்தது 59,900 ரூபாய்க்குத்தான். தவறாகக் கணித்தாலும் தாங்கக்கூடிய இழப்பு.

7,29,900 ரூபாய்க்கு இந்தியாவில் விற்கத் தொடங்கிய மேக் ப்ரோவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. வேலைக்கு வேகம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவை வாங்குங்கள்; ப்ரோவின் அடுத்த மாடலுக்காக வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். 2025 மார்ச்சில் மேக் ஸ்டூடியோவுக்கு எம்3 அல்ட்ராவும் 512 ஜிபி வரை நினைவகமும் கொடுத்தார்கள். அன்றைக்கு அதைவிட விலை கூடிய மேக் ப்ரோ பழைய எம்2 அல்ட்ராவோடுதான் விற்பனையில் இருந்தது.