அருட்கொடையாகும் நீதி

மனிதர் தம் நற்செயல்களால் ஈட்ட முடியாத நீதியைக் கடவுள் கிறிஸ்துவின் பொருட்டு இலவசமாக அளித்துப் பாவியை ஏற்றுக்கொள்கிறார் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. இதனைச் சீர்திருத்தச் சபையினர் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்பர். கத்தோலிக்கர் ‘ஏற்புடையவராதல்’ என்பர். 16ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியத் திருச்சபை பிளவுபட்டபோது சர்ச்சையின் நடுவே நின்றது இக்கோட்பாடு. பிளவின் இரு பக்கத்தாரும் பின்னர் இலங்கையின் மட்டக்களப்பு வாவிக் கரையில் கோயிலும் பள்ளிக்கூடமும் அமைத்தனர்.

சொற்பொருள்

தமிழில் நீதி என்றால் கோணாத தீர்ப்பு. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை அதற்கு எடுத்துக்காட்டு. அருளோ தகுதி பார்க்காமல் சுரப்பது. அதனால் ‘அருளால் கிடைக்கும் நீதி’ என்ற தொடர் முதலில் முரணாகவே ஒலிக்கும். ஐரோப்பாவிலும் இம்முரண் உணரப்பட்டது. ‘கடவுளின் நீதி’ என்பதைத் தண்டிக்கும் நீதி என்றே கொண்டு அஞ்சியிருந்ததாகவும், அது கடவுள் மனிதருக்குக் கொடுக்கும் நீதி எனப் பவுலின் உரோமையர் திருமுகத்தில் கண்டபின் மனம் தெளிந்ததாகவும் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1545இல் எழுதினார்.

எபிரேய மொழியின் ‘ட்செதாக்கா’ தீர்ப்பை மட்டும் குறிக்கும் சொல்லன்று. உடன்படிக்கை உறவில் உண்மையாக நிற்பதையும், ஒடுக்கப்பட்டவரை மீட்பதையும் அது உள்ளடக்கும். தமிழ் விவிலியங்கள் இப்பொருளைப் பல வழிகளில் தர முயன்றன. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதலில் ‘கிருபை’, ‘நீதிமான்’ என்பன நிலைத்தன. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘அருள்’, ‘ஏற்புடையவர்’ என்ற சொற்களைத் தேர்ந்தது. முன்னது தீர்ப்பையும் பின்னது உறவையும் முன்னிறுத்துகின்றன.

விவிலிய அடிப்படை

ஆபிரகாம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற தொடக்கநூல் செய்தியை (15:6) அடித்தளமாகக் கொண்டு பவுல் தம் வாதத்தை அமைக்கிறார். விருத்தசேதனமும் மோசேயின் சட்டமும் வருமுன்பே ஆபிரகாம் ஏற்கப்பட்டார். ஆகவே சட்டத்தைக் கைக்கொள்வது ஏற்புக்கு முன்நிபந்தனை ஆகாது. வேலை செய்தவருக்குக் கிடைப்பது கூலி, அது கடன். நம்புவோருக்குக் கிடைப்பது கொடை என்று உரோமையர் 4ஆம் அதிகாரம் பிரித்துக் காட்டுகிறது.

இயேசுவின் திராட்சைத் தோட்ட உவமையும் (மத்தேயு 20) கூலிக் கணக்கையே கலைக்கிறது. விடியலில் வந்தவருக்குப் பேசிய கூலி குறையவில்லை; பொழுதுசாயும் வேளையில் வந்து ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் அதே கூலி கிடைத்தது. நாட்கூலிக்கு நெல் வெட்டும் வயலில் மாலையில் இறங்கியவருக்கு வயற்சொந்தக்காரரான போடியார் முழு நாள் சம்பளம் கொடுத்தால் காலையில் வந்தவர்கள் எப்படி முணுமுணுப்பார்களோ, அப்படியே உவமையிலும் முணுமுணுக்கிறார்கள். தோட்ட உரிமையாளர் யாருக்கும் அநீதி செய்யவில்லை, தாராளமாக இருந்தார் என்பதே உவமையின் விடை.

செயலற்ற நம்பிக்கை செத்தது என்னும் யாக்கோபின் திருமுகம் இதற்கு எதிர்நிலை போலத் தோன்றும். நம்பிக்கை செயலில் வெளிப்பட வேண்டும் என்பதே அதன் கருத்து என்று பெரும்பாலான உரையாளர்கள் விளக்குகின்றனர்.

கோட்பாட்டின் வளர்ச்சி

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்னும் துறவி, மனிதர் தம் விருப்பாற்றலால் பாவமின்றி வாழ இயலும் என்றார். நன்மையை விரும்புவதற்கே அருள் வேண்டும் என்று ஆயர் அகுஸ்தீன் மறுத்தார். 418ஆம் ஆண்டின் கார்த்தேஜ் சங்கம் அகுஸ்தீன் பக்கம் நின்றது.

லூத்தரின் கருத்தில், கிறிஸ்துவின் நீதி நம்புவோரின் கணக்கில் எண்ணப்படுகிறது. ஆகவே அவர் ஒரே வேளையில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தின் 1547ஆம் ஆண்டு ஆணையில், ஏற்புக்கு முந்திய எதுவும், நம்பிக்கையோ செயலோ, அதை ஈட்டித் தராது என்று அறிவித்தது. ஆயினும் அந்நீதி வெறும் கணக்கன்று, உள்ளத்தில் பொழியப்பட்டு மனிதரை மெய்யாகவே மாற்றுவது என்றும், மனிதர் அருளோடு ஒத்துழைக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

1738 மே 24 அன்று இலண்டனில் நடந்த கூட்டமொன்றில், உரோமையர் திருமுகத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டு ஜான் வெஸ்லி மனமாற்றம் அடைந்தார். மெதடிஸ்த மரபுக்கு வித்திட்ட அவர், மனிதர் தேடுமுன்பே வரும் அருள், ஏற்புடையவராக்கும் அருள், தூய்மையாக்கும் அருள் என்று அருளின் செயலை வகுத்துரைத்தார்.

மட்டக்களப்பில்

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டினர். அவர்கள் காலத்தில் கத்தோலிக்கம் இங்கு பரவியது. 1638இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுவே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மறு ஆண்டே அவர் இறந்தார். கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமானது.

கத்தோலிக்க, மெதடிஸ்த சபைகள் இரண்டின் வழிபாட்டிலும் இக்கோட்பாட்டின் சாயலைக் காணலாம். எதையும் செய்து காட்ட இயலாத கைக்குழந்தைக்கு இரு சபைகளும் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. கையில் நற்கருணை பெறும் கத்தோலிக்கர் வலக்கையின் மேல் இடக்கையை விரித்து நீட்டுவர். அந்தக் கை வெறுங்கை.

சைவத்துடன் ஒப்பீடு

மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை வீதியில் உள்ள சித்தாண்டி, சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் பெயர்பெற்ற சைவ ஊர். இப்பகுதிக் கோயில்களில் காவடியும் கற்பூரச்சட்டியும் நேர்த்திக்கடனாகச் செலுத்தப்படுகின்றன. நேர்த்திக்கடனை வைத்து, சைவம் செயலின் சமயம், கிறித்தவம் அருளின் சமயம் என்று பிரிப்பது பொருந்தாது. கேட்ட வரத்துக்குச் சொன்ன சொல் காப்பதே நேர்த்திக்கடன். அது வீடுபேற்றுக்கு விலையன்று. நேர்ந்துகொள்ளும் வழக்கம் கத்தோலிக்கரிடமும் உண்டு. நல்வினை தீவினைகளை ஒப்ப நோக்கும் இருவினையொப்பும், மலம் பக்குவப்படும் மலபரிபாகமும் வந்த உயிரின்மேல் திருவருள் பதிவதைச் சைவ சித்தாந்தம் சத்திநிபாதம் என்கிறது. இறைவனை வணங்கவும் அவன் அருளே வேண்டும் என்பது மாணிக்கவாசகர் கருத்து.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. சித்தாந்தத்தில் அருள் பல பிறவிகளில் பக்குவமான உயிரின்மேல் பதிகிறது. பவுலின் போதனையில் அது பக்குவப்படாதவரை, பகைவராய் இருக்கும்போதே, தேடி வருகிறது. வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்த சிலுவை மரணம் அதன் அடிப்படை. வைணவத்தில் தாயைத் தானே பற்றும் குரங்குக் குட்டி வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி தென்கலைக்கும் உவமையாவது, அருளில் மனிதரின் பங்கு என்ன என்ற அதே கேள்வியின் மற்றொரு வடிவம்.

இன்றைய நிலை

லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க்கில் இக்கோட்பாடு பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதர் தம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைத்த நம்பிக்கையால் ஏற்கப்படுகின்றனர் என்றும், அவ்வருளே நற்செயலுக்கு ஆற்றல் தருகிறது என்றும் இருவரும் ஒப்புக்கொண்டனர். உலக மெதடிஸ்தப் பேரவை 2006இல் இதனோடு இணைந்தது. நீதிமான் ஆனபின் மனிதரில் எஞ்சும் தீய நாட்டத்தைப் பாவம் எனலாமா, அருளோடு மனித விருப்பம் எந்த அளவு ஒத்துழைக்கிறது என்பவற்றில் விளக்க வேறுபாடுகள் தொடர்கின்றன. அவற்றுக்காக ஒருவரையொருவர் கண்டிப்பதில்லை என்பதே உடன்பாடு.