ஓவியங்களை ஈந்த பேராயர்

ஏழை மாணவரின் கல்விக்கென உதவி கேட்கும்போது நாம் பணம் கேட்கிறோம். பழைய பாடநூல்களும் கேட்கிறோம். ஓவிய நூல்களையும் தூரிகைகளையும் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கலை என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போய்விட்டது. அவ்வெண்ணத்திற்கு மாறாக நடந்த திருச்சபைத் தலைவர் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் மிலான் பேராயர் கர்தினால் பெதரிக்கோ பொரோமேயோ (1564–1631).

அவர் புனித சார்லஸ் பொரோமேயோவின் சிற்றப்பா மகன். வசதியற்ற, ஆனால் அறிவாற்றல் மிக்க மாணவர் தங்கிப் பயில்வதற்காக, சார்லஸ் 1561-இல் பவியா நகரில் ஓர் இல்லம் நிறுவினார். பெதரிக்கோவும் இளமையில் அங்கே தங்கிப் பயின்றவரே. பிறர் ஈகையால் மாணவர் கல்வி பெறுவதை அவர் அருகிருந்தே கண்டிருக்கிறார்.

1595-இல் மிலானின் பேராயரான அவர், 1609-இல் அம்புரோசியானா நூலகத்தைத் திறந்துவைத்தார். அக்காலத்தில் இத்தாலிய நூலகங்கள் பலவற்றில் நூல்கள் பேழைகளுக்குள் பூட்டிக் கிடந்தன. இங்கேயோ கேட்டவர்க்கெல்லாம் நூல் தரப்பட்டது. அமர இருக்கையும், குறிப்பெடுக்கத் தாளும் பேனாவும் மையும் சேர்த்தே தரப்பட்டன. நாவலாசிரியர் மன்சோனி இதனை வியந்து எழுதியுள்ளார். நூல் இருந்தும் தாள் வாங்க வழியில்லாமல் தவித்த மாணவனை அறிந்தவரே இப்படியொரு விதி வகுக்க முடியும் என நாம் கருதுகிறோம்.

1618-இல் அவர் தாம் ஆசையோடு சேர்த்த ஓவியங்களை அந்நிறுவனத்திற்கே எழுதிக்கொடுத்தார். கரவாஜோ தீட்டிய கனிக்கூடையும், யான் புரூகலின் நுண்ணிய ஓவியங்களும் அவற்றுள் அடங்கும். 1620-இல் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகிய மூன்றையும் கற்பிக்கும் கலைக்கூடம் உருவாயிற்று. செரானோ, பிஃபி, மங்கோனே ஆகியோர் ஆசிரியர்களாயினர்.

அவருடைய கொடையில் மூல ஓவியங்களோடு படிகளும் இருந்தன. லியோனார்தோவின் இறுதி இராவுணவு ஓவியம் சுவரிலேயே சிதைந்து வந்ததால், வெஸ்பினோ என்னும் ஓவியரைக் கொண்டு அதற்குப் படியெடுக்கச் செய்திருந்தார். புகழ்பெற்ற சிற்பங்களின் சுண்ண வார்ப்புகளையும் சேர்த்தார். செல்வத்தைக் காட்ட விரும்புபவர் படிகளைச் சேர்ப்பதில்லை. மாணவர் பார்த்துப் பழக வேண்டும் என்பவரே சேர்ப்பார். 1626-இல் அவர் வாங்கிய ரபேலின் பெருந்தாளும் அத்தகையதே. வத்திக்கான் சுவரில் ஏதென்சு அறிஞர்களைத் தீட்டுவதற்கு முன் ரபேல் கரியால் வரைந்துகொண்ட முன்வரைவு அது. வேலை முடிந்தபின் எறியப்படக்கூடிய தாள். ஒரு பெருங்கலைஞன் கோட்டை எங்கே தொடங்கினான், நிழலை எப்படி இட்டான் என்பதை நிறைவுற்ற ஓவியத்தைவிட அத்தாளே மாணவனுக்குத் தெளிவாகக் கூறும்.

இவற்றை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. பெத்தானியாவில் நறுமணத் தைலத்தைக் குறித்து எழுந்த கேள்விதான் அது. ஆனால் 1628-இல் பஞ்சம் தொடங்கியபோது பேராயர் இல்லத்தில் நாள்தோறும் 2,000 கிண்ணம் அரிசிக் கஞ்சி வழங்கப்பட்டதாக மன்சோனி குறிப்பிடுகிறார். ஓவியப் பள்ளி நடத்திய கைகளே கஞ்சியும் வார்த்தன. பசித்தவனுக்கு உணவு மட்டும் போதும், அழகு வேண்டாம் என்று தீர்ப்பிட நமக்கு உரிமை ஏது?

1630-இல் கொள்ளைநோய் மிலானைச் சூறையாடியது. 1631-இல் பெதரிக்கோ இறந்தார். 1629-க்கும் 1632-க்கும் இடையே அம்மூன்று ஆசிரியர்களும் மறைந்தனர். ஓவியங்களும் வார்ப்புகளும் அப்படியே இருந்தன, கற்பிக்கத்தான் ஆளில்லை. கலைக்கூடம் நலிந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் உயிர்பெற்றாலும் பழைய வலிமை திரும்பவில்லை. 1776-இல் மிலானின் பிரேரா மாளிகையில் புதிய கலைக்கழகம் நிறுவப்பட்டது. ரபேலின் தாள் இன்றும் அம்புரோசியானாவின் சுவரில் உள்ளது.